தனிவழிப் பயணி தாமஸ் ஸ்டீவன்ஸ்

நுழையும்முன்

மலைகளையும் பாலைநிலங்களையும் துணையின்றி மிதிவண்டியில் கடந்து செல்வோரை இன்று உலகின் பல பகுதிகளிலும் காண்கிறோம். கூடாரம், படுக்கை, உணவு, தண்ணீர், பழுதுநீக்கும் கருவிகள் ஆகிய யாவற்றையும் வண்டியின் சட்டத்திலேயே கட்டிக்கொண்டு, ஊர்களற்ற நெடுவழியில் பல வாரங்கள் பயணிக்கும் இம்முறையைப் பைக்பேக்கிங் என்று அழைக்கின்றனர். இன்றைய பயணிக்கு நிலப்படமும் செயற்கைக்கோள் வழிகாட்டியும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. இவை எவையும் இல்லாத காலத்தில், காற்றடைத்த டயர்கூடப் பரவலாகாத காலத்தில், ஆளுயரச் சக்கரத்தின்மீது அமர்ந்து மூன்று கண்டங்களைக் கடந்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் இடப்பெயர்வும்

இங்கிலாந்து நாட்டின் ஹார்ட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில் பெர்க்காம்ஸ்டெட் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் எளிய குடும்பம் ஒன்றில் 1854ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் தாமஸ் ஸ்டீவன்ஸ் பிறந்தார். வாழ்வு தேடி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்கா சென்ற எண்ணற்ற ஆங்கிலேயருள் அவரும் ஒருவர். 1871ஆம் ஆண்டில், பதினாறு வயது இளைஞராக அவர் அந்நாட்டு மண்ணில் காலடி வைத்தார்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைக்கும் இருப்புப்பாதை 1869ஆம் ஆண்டில்தான் நிறைவு பெற்றிருந்தது. அப்பாதையை ஒட்டிப் புதிய ஊர்களும் ஆலைகளும் சுரங்கங்களும் தோன்றிக்கொண்டிருந்தன. ஸ்டீவன்ஸ் மேற்குப் பகுதிக்குச் சென்று வயோமிங்கில் ஆலைத் தொழிலாளராகவும், பின்னர்க் கொலராடோவில் சுரங்கத் தொழிலாளராகவும் உழைத்தார். உயர்கல்வியோ செல்வமோ செல்வாக்கோ அவருக்கு இல்லை. ஆயினும், சுரங்கத்தில் பணிபுரிந்த நாள்களில் அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேர்கொண்டது. அமெரிக்கக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை மிதிவண்டியில் கடக்க வேண்டும் என்பதே அவ்வெண்ணம். வியப்பு என்னவெனில், அதுவரை அவர் மிதிவண்டி ஓட்டியதே இல்லை.

ஆளுயரச் சக்கரம்

அக்காலத்து மிதிவண்டி இன்று நாம் அறிந்த மிதிவண்டி அன்று. முன்சக்கரம் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் இருந்தன. சான்பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டீவன்ஸ் வாங்கியது கொலம்பியா என்னும் பெயருடைய வண்டியாகும். அதன் முன்சக்கரத்தின் விட்டம் 50 அங்குலம். மிதிகட்டைகள் அச்சக்கரத்தின் அச்சிலேயே நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தன. சங்கிலியோ பல்சக்கரமோ கிடையாது. மிதிகட்டையை ஒருமுறை சுழற்றினால் வண்டி ஏறத்தாழ நான்கு மீட்டர் முன்னேறும். வேகத்தை மிகுவிக்க வேண்டுமெனில் சக்கரத்தைப் பெரிதாக்குவதொன்றே வழி. எனவே, ஓட்டுபவரின் கால் நீளமே சக்கரத்தின் அளவுக்கு எல்லையாயிற்று.

இவ்வண்டியில் ஏறுவதே ஒரு கலை. பின்புறமுள்ள சிறு படியில் ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலால் தரையை உந்தி, வண்டி உருளத் தொடங்கியதும் தாவி இருக்கையில் அமர வேண்டும். அமர்ந்தபின் கால் தரையைத் தொடாது. முன்சக்கரம் ஒரு கல்லிலோ பள்ளத்திலோ தடைபட்டால், ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புற வீசப்படுவார். இறக்கத்தில் சக்கரம் சுழலும் வேகத்திலேயே மிதிகட்டைகளும் சுழலும். டயர் கெட்டி ரப்பரால் ஆனதாகையால், சாலையின் ஒவ்வொரு மேடும் முதுகெலும்பில் தெரியும். கல்பாவிய நகரத் தெருக்களிலேயே இடர் விளைவித்த இவ்வண்டியைக் கொண்டுதான் பாதையற்ற மலைகளைக் கடக்க ஸ்டீவன்ஸ் முடிவு செய்தார். கோல்டன்கேட் பூங்காவில் விழுந்தும் எழுந்தும் அவர் ஓட்டப் பழகினார்.

தெரிந்து தெளிவோம்

பெரிய சக்கரமும் சிறிய சக்கரமும் கொண்ட இவ்வண்டிக்குப் பென்னி ஃபார்த்திங் என்ற பெயர் பிற்காலத்தில் வழங்கலாயிற்று. பென்னி, ஃபார்த்திங் என்பன அளவில் வேறுபட்ட இரண்டு பிரித்தானிய நாணயங்கள். ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885ஆம் ஆண்டில் உருவாக்கிய ரோவர் மிதிவண்டி, ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களையும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியையும் கொண்டிருந்தது. இன்றைய மிதிவண்டிக்கு அதுவே முன்னோடி. ஜான் பாய்டு டன்லப் 1888ஆம் ஆண்டில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரு மாற்றங்களுக்குப்பின் உயர்சக்கர வண்டிகள் வழக்கொழிந்தன.

மலையும் பாலையும்

1884ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் காலையில் ஸ்டீவன்ஸ் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. அவர் எடுத்துச்சென்ற பொருள்கள் ஒரு சிறு பையில் அடங்கின. காலுறைகள், மாற்றுச்சட்டை, மழையங்கி, கைத்துப்பாக்கி ஆகியவையே அவை. மழையங்கியே இரவில் அவருக்குப் படுக்கையாகவும் கூடாரமாகவும் பயன்பட்டது. கைப்பிடியில் கட்டிய அச்சிறு பை, இன்றைய மிதிவண்டிப் பயணிகளின் பொதிகட்டும் முறைக்கு ஒரு முன்னோடி எனலாம். சுமை மிகுந்தால் மலையேற்றம் இயலாது. சுமை மிகக் குறைந்தால் இரவுக் குளிரைத் தாங்க இயலாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் கண்டறிவதே நெடுவழிப் பயணியின் முதற்பாடம்.

கலிபோர்னியாச் சமவெளியைக் கடந்ததும் சியரா நெவாடா மலைத்தொடர் எதிர்நின்றது. வசந்தகாலமாயினும் உயரத்தில் பனி கரையவில்லை. பனிச்சரிவிலிருந்து இருப்புப்பாதையைக் காப்பதற்காக, அதன்மீது மரத்தாலான நெடிய கூடாரங்கள் அமைக்கப்பட்டிருந்தன. அவ்விருண்ட கூடாரங்களினூடே, தண்டவாளக் கட்டைகளின்மீது வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் நடந்தார். தொடர்வண்டி வரும் ஓசை கேட்டால் சுவரோரம் ஒதுங்கிநிற்க வேண்டும். வண்டியில் அமர்ந்து செல்வதைவிட அதனை உருட்டியும் தூக்கியும் செல்லும் பொழுதே அங்கு மிகுதியாயிற்று.

மலைக்கு அப்பால் நெவாடாப் பாலைநிலம் விரிந்தது. நாற்பது மைல் பாலை என வழங்கப்பெற்ற நிலப்பகுதி அங்குண்டு. பொன் தேடி மேற்கு நோக்கிச் சென்ற மாட்டுவண்டிக் கூட்டத்தினர் நீரின்றித் தம் கால்நடைகளைப் பெருமளவில் இழந்த இடம் அது. வெண்ணிற உப்பு படிந்த அந்நிலத்தில் சில இடங்களில் தரை கெட்டியாக இருந்தது. அங்கே சக்கரம் விரைந்து உருண்டது. மணல் தொடங்கிய இடங்களில் மெல்லிய ரப்பர் விளிம்பு புதைந்து நின்றது. அங்கே நடையே துணை. இருப்புப்பாதையைப் பேணும் தொழிலாளர் குடியிருப்புகள் ஆங்காங்கே இருந்தன. அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவே அவரது தண்ணீருக்கும் உணவுக்கும் இடைப்பட்ட தொலைவாயிற்று. ஹம்போல்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கு, யூட்டாவின் பெரிய உப்பேரிப் பகுதி, வயோமிங்கின் உயர்நிலம் ஆகியவற்றைக் கடந்து அவர் கிழக்கு நோக்கிச் சென்றார். ராக்கி மலைத்தொடர் பின்னடைந்ததும் நெப்ராஸ்காவின் புல்வெளி வரவேற்றது. சிகாகோவைத் தாண்டியபின் சாலைகளும் ஊர்களும் நெருங்கி வந்தன.

1884ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் அவர் பாஸ்டன் நகரை அடைந்தார். புறப்பட்டது முதல் நூற்றுமூன்றரை நாள்கள் ஆகியிருந்தன. அவற்றுள் உண்மையில் பயணம் செய்தவை எண்பத்துமூன்றரை நாள்கள். கடந்த தொலைவு ஏறத்தாழ 3,700 மைல். அதாவது, ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர். அத்தொலைவில் மூன்றில் ஒரு பங்கினை அவர் நடந்தே கடந்தார். அமெரிக்கக் கண்டத்தை மிதிவண்டியில் கடந்த முதல் மனிதர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. வண்டியில் செல்ல இயலாத இடத்தில் இறங்கி நடக்க அவர் தயங்கியதில்லை. மூன்றிலொரு பங்கு நடை இல்லாவிடில், அப்பயணம் சியரா நெவாடாவின் பனியிலேயே முடிந்திருக்கும்.

கடல் கடந்த பயணம்

கண்டத்தைக் கடந்தவருக்கு உலகத்தையே சுற்றிவரலாம் என்னும் எண்ணம் எழுந்தது. குளிர்காலத்தை நியூயார்க் நகரில் கழித்த அவர், தம் பயண நிகழ்ச்சிகளை எழுதலானார். கொலம்பியா வண்டிகளை உருவாக்கிய நிறுவனத்தின் உரிமையாளரான ஆல்பர்ட் போப், அவுட்டிங் என்னும் இதழோடும் தொடர்புடையவர். அவ்விதழின் சிறப்புச் செய்தியாளராக ஸ்டீவன்ஸ் அமர்த்தப்பட்டார். வழிநெடுகக் கடிதங்களும் கட்டுரைகளும் எழுதி அனுப்புவது அவர் கடமையாயிற்று. நெடும்பயணத்திற்கான பொருளுதவி அவருக்கு எழுத்தின் வழியே கிடைத்தது.

1885ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உள்ள எட்ஜ்ஹில் தேவாலயத்தின் முன்னிருந்து, மக்கள் திரள் வாழ்த்த அவர் புறப்பட்டார். தாம் பிறந்த ஊரைக் கடந்து, கால்வாயைத் தாண்டி, பிரான்சு, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் நல்ல சாலைகளில் விரைந்தார். ஹங்கேரியில் மிதிவண்டி ஆர்வலர் ஒருவர் சில நாள்கள் உடன்வந்தார். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. சைகைகளாலேயே அவர்கள் கருத்துகளைப் பகிர்ந்துகொண்டு பயணித்தனர். செர்பியா, பல்கேரியா நாடுகளின் மலைவழிகளைக் கடந்து, அன்று கான்ஸ்டான்டிநோபிள் எனப்பட்ட இஸ்தான்புல் நகரை அவர் அடைந்தார். அங்கே சில நாள்கள் தங்கி வண்டியைச் செப்பனிட்டுக் கொண்டார்.

அதற்கு அப்பால் அனத்தோலியாவின் மேட்டுநிலம். கொள்ளையர் அச்சம் மிக்கது என அவ்வழியைப் பற்றி நகரத்தார் எச்சரித்தனர். அங்காரா, சிவாஸ், எர்சுரூம் ஆகிய ஊர்கள் வழியாக, அரராத் மலையின் அடிவாரம் நோக்கி அவர் தனியே சென்றார். அவரை மிகுதியும் களைப்படையச் செய்தவர் கொள்ளையர் அல்லர். ஊர்தோறும் கூடிய மக்களே. குதிரையும் கழுதையும் இன்றித் தானே ஓடும் சக்கரத்தை அவர்கள் அதுவரை கண்டதில்லை. ஊருக்குள் நுழைந்ததும் வண்டியை ஓட்டிக் காட்டுமாறு வற்புறுத்துவர். பகலெல்லாம் மலையேறிக் களைத்தவர், இருள்சூழும் வேளையில் கல்லும் குழியுமான தெருவில் மீண்டும் ஏறி ஓட்டிக் காட்டுவார். அதன்பின் அதே மக்கள் ரொட்டியும் தயிரும் தந்து, தம் கூரையின்கீழ்ப் படுக்க இடமும் தந்தனர். பாலமில்லாத ஆறுகளில், ஆழம் அறிந்து, வண்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிக் கடந்தார்.

1885ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பாரசீகத்தின் தலைநகரான தெஹ்ரானை அடைந்தார். குளிர்காலம் நெருங்கியதால் ஐந்து மாதங்களுக்கும் மேலாக அங்கே தங்க நேரிட்டது. அந்நாட்டு மன்னர் நாசிருத்தீன் ஷா இவ்வண்டியைக் காண விரும்பினார். மன்னர் முன்னிலையில் அதனை ஓட்டிக்காட்டும் வாய்ப்பும் ஸ்டீவன்சுக்குக் கிட்டியது. சில ஆண்டுகளுக்குமுன் சுரங்கத்தில் கூலிக்கு உழைத்தவர், இப்போது ஒரு பேரரசரின் பார்வைக்கு உரியவரானார்.

அடைபட்ட வாயில்

1886ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் தெஹ்ரானை விட்டு நீங்கி, கிழக்கே மஷ்ஹத் நகரை நோக்கிப் பயணத்தைத் தொடர்ந்தார். இனிச் செல்லும் வழி எது என்பதே அவர்முன் நின்ற பெருவினா. ரஷ்ய ஆட்சிப் பகுதிகளின் வழியாகச் சைபீரியாவைக் கடக்க அவர் எண்ணியிருந்தார். அதற்கு இசைவு கிடைக்கவில்லை. ஆப்கானிஸ்தானத்தின் வழியாகச் செல்லவும் இசைவில்லை. அவ்வாண்டுகளில் ரஷ்யாவும் பிரித்தானியாவும் நடு ஆசியாவில் ஒன்றையொன்று ஐயக்கண்கொண்டு நோக்கின. 1885ஆம் ஆண்டில் பஞ்ச்தே என்னுமிடத்தில் ரஷ்யப் படைகளும் ஆப்கானியப் படைகளும் மோதியிருந்தன. எல்லையை வரையறுக்கும் பணி நடந்துகொண்டிருந்த அவ்வேளையில், அயலவர் ஒருவர் தனியே திரிவதை எந்த அரசும் விரும்பவில்லை.

தடை அறிந்தும் ஸ்டீவன்ஸ் திரும்பவில்லை. தெற்கே பிர்ஜந்த் பகுதிக்குச் சென்று, அங்கிருந்து ஆப்கானிய எல்லையை நோக்கித் திரும்பினார். இடையில் கிடந்தது தஷ்தே நாஉமீத் என்னும் பாலை. நம்பிக்கையற்ற பாலை என்பது அப்பெயரின் பொருள். பெயருக்கேற்ப, நீரும் நிழலும் அரிதான நிலம் அது. அப்பகுதித் தலைவர் அனுப்பிய குதிரைவீரர்கள் வழிகாட்டிய பின்னரே அவரால் அதனைக் கடக்க முடிந்தது. அமெரிக்கப் பாலையில் இருப்புப்பாதை வழிகாட்டியது. இங்கே அந்நிலத்தை அறிந்த மனிதர் வழிகாட்டினர். தனியொருவராகப் பயணம் செய்பவரும் பாலையின் நடுவே தனித்து வாழ இயலாது என்பதை அவர் அங்கு உணர்ந்திருக்க வேண்டும்.

ஆப்கானிஸ்தானத்தின் ஃபரா நகரில் அவர் தடுத்து நிறுத்தப்பட்டார். காவலர் சூழ ஹெராத் நகர்ப்பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து பாரசீக எல்லைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். காவலில் இருந்த நாள்களிலும் உணவுக்கும் உறையுளுக்கும் குறைவைக்காமல் ஆப்கானியர் அவரை நடத்தினர். இசைவின்றி நுழைந்தவர் ஓர் ஒற்றராக இருக்கக்கூடும் என்று அவர்கள் ஐயுற்றதும் இயல்பே. தம் நாட்டின் வாயிலை அடைக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. மனவுறுதி ஒன்றே எல்லா வாயில்களையும் திறந்துவிடாது என்பதற்கு ஸ்டீவன்சின் வாழ்வில் இந்நிகழ்ச்சி சான்றாகிறது.

திரும்பியவர் பயணத்தைக் கைவிடவில்லை. காஸ்பியன் கடலை அடைந்து, காக்கசஸ் நிலப்பகுதியைத் தொடர்வண்டியில் கடந்து, மீண்டும் கான்ஸ்டான்டிநோபிள் சென்றார். அங்கிருந்து கப்பல் வழியாகக் கராச்சியை அடைந்தார். மிதிவண்டியில் கடக்கவியலாத இப்பகுதியைக் கப்பலிலும் தொடர்வண்டியிலும் கடந்ததை அவர் தம் நூலில் மறைக்கவில்லை.

பெருவழியில்

லாகூர் நகரிலிருந்து கல்கத்தாவரை நீண்ட கிராண்ட் டிரங்க் சாலை அவருக்குப் பெரும் ஆறுதலாக அமைந்தது. பல நூற்றாண்டுகளாக வணிகரும் படையினரும் யாத்திரிகரும் நடந்து தேய்ந்த வழி அது. நன்கு செப்பனிடப்பட்ட தரையும் இருமருங்கும் நின்ற நிழல்மரங்களும் கொண்டிருந்தது. பாலையின் மணலையும் அனத்தோலியாவின் பாறைகளையும் கடந்து வந்த சக்கரம் அங்கே தடையின்றி உருண்டது. ஆயினும், மழைக்காலத்துப் புழுக்கமும் கடும் வெப்பமும் உடலை வருத்தின. அமிர்தசரஸ், தில்லி, ஆக்ரா, கான்பூர், அலகாபாத், காசி ஆகிய நகரங்களைக் கண்டு கல்கத்தாவை அடைந்தார். அங்கிருந்து கப்பலேறி ஹாங்காங் சென்றார்.

கல்லெறியும் காவலும்

தென்சீனத்தின் கான்டன் நகரிலிருந்து தொடங்கிய பகுதியே இறுதிக்கட்டத்தின் கடும் சோதனையாக அமைந்தது. அங்கே வண்டிச்சாலைகள் இல்லை. வயல்களுக்கு இடையே கற்கள் பாவிய ஒற்றையடிப் பாதைகளே இருந்தன. சில இடங்களில் ஆற்றுப்படகும் துணைசெய்தது. மொழி அறியாத நாட்டில் வழி கேட்பதே பெருந்தொல்லையாயிற்று. ஓர் ஊரின் பெயரை ஒலி பிறழ்ந்து கூறினால் வழிப்போக்கருக்கு அது விளங்காது.

சீனத்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த போர் 1885ஆம் ஆண்டில்தான் முடிவுற்றிருந்தது. மேற்கத்திய வல்லரசுகள் பீரங்கிகளின் வலிமையால் துறைமுகங்களைத் திறந்ததையும் மக்கள் மறக்கவில்லை. வெளிநாட்டவரின் முகம் காண்பதே சில ஊர்களில் சினத்தைத் தூண்டப் போதுமானதாக இருந்தது. கான் ஆற்றங்கரையில் உள்ள ஜியான் நகரில் கூட்டம் திரண்டு அவர்மீது கற்களை எறிந்தது. அரசு அலுவலகத்தில் அடைக்கலம் புகுந்த அவரை, அங்கிருந்த அதிகாரிகள் காத்து, வீரர்களின் துணையோடு படகில் ஏற்றி அனுப்பிவைத்தனர். கல்லெறிந்தோரும் சீனரே, உயிர்காத்தோரும் சீனரே.

யாங்சி ஆற்றை அடைந்து, நீராவிக் கப்பலில் ஷாங்காய் சென்று, அங்கிருந்து ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்தில் இறங்கினார். ஜப்பானின் அமைதியான சாலைகள் நெடும்பயணத்தின் களைப்பை ஆற்றின. 1886ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் யோக்கோஹாமா நகரில் அவரது மிதிவண்டிப் பயணம் நிறைவுற்றது. தமது முப்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் எஞ்சியிருந்தது. சக்கரத்தின்மீது அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 13,500 மைல். அதாவது, ஏறக்குறைய 21,700 கிலோமீட்டர். 1887ஆம் ஆண்டு ஜனவரியில் கப்பல் வழியாகச் சான்பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பினார். மிதிவண்டியில் உலகை வலம்வந்த முதல் மனிதர் என வரலாறு அவரைப் பதிவு செய்தது.

எழுத்தும் அதன் குறையும்

ஸ்டீவன்ஸ் தம் பயணத்தை இரண்டு பெருந்தொகுதிகளாக எழுதினார். முதல் தொகுதி 1887ஆம் ஆண்டிலும் இரண்டாம் தொகுதி 1888ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. சாலையின் தன்மை, உண்ட உணவு, உறங்கிய இடம், கண்ட மனிதர் என ஒவ்வொன்றையும் நுணுக்கமாக அவர் பதிந்தார். இருப்புப்பாதையும் கப்பலும் எட்டாத சிற்றூர்களின் அன்றாட வாழ்வை அந்நூல் காட்டுகிறது.

அந்நூலுக்கு ஒரு குறையும் உண்டு. ஆசிய மக்களையும் அமெரிக்கத் தொல்குடியினரையும் தம்மினும் தாழ்ந்தோராகக் கருதும் மனப்போக்கு அவர் எழுத்தில் பல இடங்களில் வெளிப்படுகிறது. பேரரசுக் காலத்து ஐரோப்பியர் பலரிடம் காணப்பட்ட செருக்கு அது. அவருக்கு ரொட்டி தந்தவர்களும், ஆற்றைக் கடக்க வழிகாட்டியவர்களும், கல்லெறியிலிருந்து காத்தவர்களும் அம்மக்களே. பெற்ற உதவியைப் பதிவு செய்த அதே எழுதுகோல், உதவியவரை இகழ்ந்தும் எழுதியது. அவர் நடந்த தொலைவை வியக்கும் நாம், அவர் பார்வை எட்டாத தொலைவையும் அறிந்துகொள்ள வேண்டும்.

பயணத்துக்குப் பின்

மிதிவண்டிப் பயணம் முடிந்தபின்னும் அவர் ஓரிடத்தில் அமைந்திருக்கவில்லை. 1889ஆம் ஆண்டில், நியூயார்க் நாளிதழ் ஒன்றின் சார்பில், ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் பயணம் செய்துகொண்டிருந்த ஹென்றி ஸ்டான்லியைத் தேடிக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். அதன்பின் குதிரைமீதேறி ரஷ்யாவினூடே பயணம் செய்தார். இவ்விரு பயணங்களும் நூல்களாயின. பின்னர் இங்கிலாந்துக்குத் திரும்பி, மணம் புரிந்து, இலண்டன் நகரின் கேரிக் நாடக அரங்கில் மேலாளராகப் பணியாற்றினார். பாலையின் இரவுகளை அறிந்தவர் நாடக அரங்கின் கணக்குகளைப் பேணி எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். 1935ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் இலண்டனில் இயற்கை எய்தினார்.

அவர் காட்டிய வழியில் வேறு பலர் புறப்பட்டனர். அவர்கள் அனைவரும் வீடு திரும்பவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஃபிராங்க் லென்ஸ் என்னும் இளைஞர், 1892ஆம் ஆண்டில் காற்றடைத்த டயர் கொண்ட புதிய வண்டியில் தனியே உலகவலம் புறப்பட்டார். வட அமெரிக்காவையும் ஆசியாவையும் கடந்து வந்த அவர், 1894ஆம் ஆண்டில் எர்சுரூம் நகரை நெருங்கும் வழியில் காணாமற்போனார். அவர் கொல்லப்பட்டதாகப் பின்னர் நடந்த தேடுதலில் அறியப்பட்டது. ஒன்பது ஆண்டுகளுக்குமுன் ஸ்டீவன்ஸ் நலமே கடந்த நிலப்பகுதி அது. லென்சின் வண்டி மேம்பட்டது. அவர் துணிவிலும் குறைந்தவர் அல்லர். ஆனால், அப்பகுதியில் பகைமையும் கலவரமும் அப்போது மூண்டிருந்தன. ஸ்டீவன்சின் வெற்றியில் அவர் உறுதிக்கு மட்டுமன்றி, காலத்துக்கும் வழியில் சந்தித்த மனிதருக்கும் பங்குண்டு என்பதை இது தெளிவாக்குகிறது.

நிறைவாக

ஸ்டீவன்ஸ் பயணம் செய்த மிதிவண்டியை அதனை உருவாக்கிய நிறுவனம் பல்லாண்டுகள் பாதுகாத்தது. இரண்டாம் உலகப்போரின்போது, போர்த்தேவைக்காகப் பழைய இரும்பு திரட்டப்பட்டது. அப்போது அவ்வண்டியும் கொடுக்கப்பட்டது. சியரா நெவாடாவின் பனியையும் நம்பிக்கையற்ற பாலையின் மணலையும் கடந்த சக்கரம் உலையில் உருகிப்போயிற்று. அருங்காட்சியகத்தில் சென்று காண அது இன்று இல்லை.

எஞ்சியிருப்பது அவர் எழுதிய பயணக் குறிப்பு. அதனைப் படிப்போர் ஒரு மனிதரின் அஞ்சாமையைக் காண்பர். அவ்வஞ்சாமை ஒவ்வொரு மாலையும் யாரோ ஒருவருடைய வாயிற்கதவின் முன் நின்று, உணவும் இடமும் வேண்டியதையும் காண்பர். பெயர் பதிவாகாத அம்மனிதர்கள் கதவைத் திறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அதற்கு முன்னும் பின்னும் மிதிவண்டியைக் கண்டதில்லை. அவர் பேசிய மொழியையும் அறிந்ததில்லை. பசித்து வந்தவர் என்பது மட்டுமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. தனிவழிப் பயணியின் வரலாற்றில் அவர்களுக்கும் இடமுண்டு.

கற்பவை கற்றபின்

1. உலகப் படத்தில் தாமஸ் ஸ்டீவன்ஸ் கடந்த வழியைக் குறித்து, மிதிவண்டியில் கடந்த பகுதிகளையும் கப்பலிலும் தொடர்வண்டியிலும் கடந்த பகுதிகளையும் வெவ்வேறு வண்ணங்களில் காட்டுக.

2. தனியாகச் செய்யும் பயணம் உண்மையில் தனியானதா? இப்பாடத்தில் இடம்பெற்ற நிகழ்ச்சிகளைக்கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊருக்கு வரும் முன்பின் அறியாத மிதிவண்டிப் பயணி ஒருவருக்கு உதவும் வகையில், குடிநீர், உணவு, தங்குமிடம், பழுதுநீக்கும் கடை ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு வழிகாட்டிக் குறிப்பு எழுதுக.